வாராவாரமா, மூன்று வாரத்துக்கு ஒருமுறையா? மலையிலிருந்து கீமோவுக்கு இறங்குகிறவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் பலருக்கு, டாக்ஸோரூபிசின் என்ற அந்தச் சிவப்பு மருந்து முடிந்ததும் இரண்டு வழிகள் இருக்கும். பேக்லிடாக்செல் வாரம் ஒன்றாக 12 ஊசி, அல்லது டோசிடாக்செல் மூன்று வாரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் முதலில் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலோடு கோவைக்குப் போய்வருவது நாலே தடவைதான். கூட வருபவருக்கும் கூலி அவ்வளவாகப் போகாது.

எனக்குப் பயம் காய்ச்சலை நினைத்துத்தான். டோசிடாக்செல் போட்ட ஒரு வாரம், பத்து நாளில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சரியும். சுமார் 5,000 பெண்கள் பங்கேற்று 2008-இல் வெளியான ஆய்வில், இது கடுமையாக வந்தது டோசிடாக்செலில் 46 சதவீதம் பேருக்கு. வாராந்திர பேக்லிடாக்செலில் 2 சதவீதம் பேருக்கு மட்டும். அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐப்பசி மழையில், மண் சரிந்த ரோட்டில், எஸ்டேட் லயனிலிருந்து நடுராத்திரி எப்படிப் போவது? கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து அணுக்களை ஏற்றும் ஊசி போட்டால் ஆபத்து குறையும். அதை ஊரிலேயே போட முடியுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முடி இரண்டிலும் கொட்டும். நோயைக் கட்டுப்படுத்துவதிலும் இரண்டுமே நல்ல மருந்துகள்தான்.

பேக்லிடாக்செலின் தொல்லை வேறு: விரல் நுனி மரத்துப்போகும். கொழுந்து கிள்ளுகிற பெண்ணுக்கு விரல்தானே பிழைப்பு! சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பார்கள், சில நேரம் நிறுத்துவார்கள்.

ஆஸ்பத்திரி எட்டாத எஸ்டேட்டில் இருந்து, கோவையில் தங்க உறவினர் வீடும் இருந்தால், நான் வாராவாரத்தையே சொல்வேன். சர்க்கரை நோயால் விரல் ஏற்கெனவே மரத்திருந்தால், அணு ஊசியோடு டோசிடாக்செல். எதுவானாலும், ரத்தப் பரிசோதனையை முந்தைய நாளே மேலே எடுத்து, முடிவைப் போனில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அணு குறைவு என்று திருப்பி அனுப்பினால் அன்றைய பயணம் வீண்.