உவர்மலையில் ஒருநாள் செயலமர்வு: பணம் கொடுத்துப் போகலாம்

அடுத்தவரைப் பற்றி அவசரப்பட்டு முடிவெடுக்காமல் இருக்கப் பழக்கும் ஒருநாள் செயலமர்வு ஒன்று, பௌர்ணமிப் போயா விடுமுறையன்று திருகோணமலை உவர்மலையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கட்டணம் 1,500 ரூபாய். மதியச் சாப்பாடும் இரண்டு வேளைத் தேநீரும் அதற்குள் அடக்கம். நான் தையல்கடை நடத்துகிறேன். நாள் முழுவதும் வாடிக்கையாளர்களோடும், கடையில் தைக்கும் பிள்ளைகளோடும், வீட்டில் மாமியோடும் பேசிச் சமாளிக்க வேண்டிய வாழ்க்கை. அதனால்தான் பெயரைப் பதிந்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் கொடுத்துப் போகலாம். காலைப் பகுதி மிகச் சிறப்பு. பிற்பகலில் இரண்டு இடங்கள் கட்டாயம் திருத்தப்பட வேண்டும்.

வளவாளர் மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தார். திரை, ஒளிப்படம் எதுவும் இல்லை. ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நெடுக்காக மடிக்கச் சொன்னார். அண்மையில் மனத்தை நோகடித்த ஒரு சம்பவத்தை எழுத வேண்டும். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் இடப்பக்கம். அதிலிருந்து நாமாக நினைத்துக்கொண்டது வலப்பக்கம்.

சாம்பல்தீவிலிருந்து வந்த ஓர் அம்மா எழுந்து வாசித்தார். இடப்பக்கத்தில் அவர் எழுதியிருந்தது: “மருமகள் என்னைக் கண்டும் காணாதவள்போலக் குசினிக்குள் போய்விட்டாள்.”

“அம்மா, உங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கமரா பூட்டியிருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்கும்?” என்று வளவாளர் கேட்டார்.

அம்மா சற்று யோசித்துவிட்டு, “அவள் குசினிக்குள் போனது” என்றார்.

“அப்படியென்றால் அதுமட்டும்தான் இடப்பக்கம்.”

மண்டபத்தில் இருந்த எல்லோரும் உடனே தங்கள் தாள்களில் வெட்டி எழுதத் தொடங்கினார்கள். இடப்பக்கம் இரண்டு வரியாகச் சுருங்க, வலப்பக்கம் நிரம்பியது. அதன்பிறகு தாளின் கீழே, அந்தச் சம்பவத்துக்கு வேறு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று குறைந்தது மூன்று எழுத வேண்டும். கடைசியாக, உண்மையை அறிய அந்த ஆளிடமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி. அந்த அம்மா முதலில் எழுதிய கேள்வி, “என்னோடு கதைக்கப் பிடிக்கவில்லையா?” என்பது. அதிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். இருவரும் சேர்ந்து திருத்தி, “பிள்ளை, இன்று உடம்புக்கு ஏலாமல் இருக்கிறதா?” என்று எழுதினார்கள். இந்த ஒரு பயிற்சிக்காகவே 1,500 ரூபாயைக் கொடுக்கலாம்.

ஆய்வுகளைப் பற்றியும் வளவாளர் பேசினார், அளவாகவும் தெளிவாகவும். அமெரிக்காவில் 1967 இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கியூபாத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பற்றிய கட்டுரைகளை வாசிக்கக் கொடுத்தார்கள். ஆதரித்து எழுதுவதா எதிர்த்து எழுதுவதா என்பது எழுதியவருக்கு விதிக்கப்பட்டது, அவருடைய விருப்பம் அல்ல என்று சொல்லிய பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளராகத்தான் இருப்பார் என்று வாசித்தவர்கள் எண்ணினார்கள். எங்கள் கடைப் பிள்ளைகளுக்கு இது நாளாந்த அனுபவம். கூலி எவ்வளவு என்று தீர்மானிப்பது நான். அதை வாயால் சொல்லும் பிள்ளையைத்தான் பேராசைக்காரி என்று திட்டுகிறார்கள்.

1973 இல் வெளியான இன்னொரு ஆய்வு பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து நடந்தது. வேறொரு கட்டடத்துக்குப் போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடக்கிறார். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதத்தினர்தான் நின்று உதவினார்கள். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதத்தினர். இதைக் கேட்டதும் ஓய்வுபெற்ற ஓர் அஞ்சல் அதிபர் கையை உயர்த்தினார். “அப்படியென்றால் குணம் என்று ஒன்று இல்லையா?” நல்ல கேள்வி. “குணம் இருக்கிறது ஐயா. ஒரே ஒரு தடவை பார்த்து அதை அளக்க முடியாது” என்றார் வளவாளர். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. ஐயாவுக்குப் போதவில்லை, தேநீர் வேளையிலும் தொடர்ந்து வாதாடிக்கொண்டிருந்தார். அப்படி வாதாட இடம் கொடுத்ததையும் பாராட்டுகிறேன்.

மதியச் சாப்பாடு மரக்கறி: பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், சொதி. ருசியில் குறையில்லை. மண்டபத்தில் மின்விசிறிகள் போதாது.

இனிப் பிற்பகல். ஒருவரின் பெயரைக் கேட்டவுடன் அவருடைய இனத்தை ஊகித்து எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது கிண்ணியாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை எழுந்தார். நகரத்தில் வாடகை வீடு தேடியபோது, தொலைபேசியில் வீடு இருக்கிறது என்றவர்கள் பெயரைக் கேட்டதும் கொடுத்தாயிற்று என்றார்களாம். அபயபுரவிலிருந்து வந்திருந்த சிங்களப் பெண் ஒருவர், தான் தமிழ் பேசுவதைக் கேட்டு மகிழ்பவர்களே தன் பெயரைக் கேட்டதும் பேச்சைச் சுருக்கிக்கொள்வதாகத் தமிழிலேயே சொன்னார். தமிழ்ப் பிள்ளையொன்று தன் பக்க அனுபவத்தைச் சொல்லத் தொடங்கியது. அரை மணித்தியாலத்தில் நேரம் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பஸ்ஸில் போய்வரும் ஊர் இது. யுத்தம் 2009 இல் முடிந்தது. பெயரைக் கேட்டு ஆளை எடைபோடும் பழக்கம் முடியவில்லை. மாமி மருமகள் மனத்தாங்கலுக்குக் காலை முழுவதையும் கொடுத்தவர்கள், இதற்குக் குறைந்தது அதே அளவு நேரம் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். கணவன் கோபத்தில் தன் கைத்தொலைபேசியை உடைப்பதாகவும் கையை ஓங்குவதாகவும் ஓர் இளம்பெண் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். வளவாளர் பெயரைச் சொல்லாமல் அதை வாசித்துவிட்டு, அங்கேயும் மூன்று காரணங்களைத் தேடச் சொன்னார். இதை நான் ஏற்கவில்லை. அங்கேயே எழுந்து சொல்லவும் செய்தேன். திரும்பத் திரும்ப நடப்பது கமராவில் பதிவாகும் விடயம், இடப்பக்கத்தில் எழுதவேண்டிய விடயம். அதைக் கண்டு ஒருத்தி பயப்படுவது அவசர முடிவாகாது. அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற எண்ணில் மகளிர் உதவிச் சேவையை அழைக்கலாம். இந்த இரண்டையும் வெள்ளைப்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்க வேண்டும். பெண்கள் நிறைந்த மண்டபத்தில் பொறுமையை மட்டும் போதிப்பது ஆபத்து.

கடையில் இந்தத் தாளைப் பயன்படுத்திப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். மூதூர்ப் பெண் ஒருவர் தைக்கக் கொடுத்த சட்டைகளை எடுக்க வரவே இல்லை. “ஏமாற்றிவிட்டார் அக்கா” என்றாள் கடைப் பிள்ளை. தாளை மடித்து எழுதச் சொன்னேன். சுகமில்லையோ, பஸ் தவறியதோ, காசு முட்டுப்பாடோ என்று மூன்று காரணங்களை எழுதினாள். பிறகு அழைத்து, “அக்கா, வர வசதிப்படவில்லையா?” என்று கேட்டாள். வேறு இடத்தில் மலிவாகத் தைத்துவிட்டாராம், இனி வரமாட்டாராம். பிள்ளையின் சந்தேகம் சரியாகவே இருந்தது. ஆனாலும் கேட்டதில் எனக்கு இலாபம்தான். வருவார், வருவார் என்று காத்திருக்கும் தேவை தீர்ந்தது. அன்றிலிருந்து பாதிக் கூலியை முற்பணமாக வாங்குகிறோம். இந்தப் பயிற்சி எல்லோரையும் நல்லவராக நினைக்கச் சொல்கிறது என்று வெளியே சிலர் பேசுகிறார்கள். அப்படியொன்றும் இல்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

யார் போகலாம்? கூட்டுக்குடும்பத்தில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், ஆட்களை வைத்து வேலைவாங்குபவர்கள் கட்டாயம் போகலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. வந்திருந்த ஆண்கள் மிகக் குறைவு. வீட்டில் அடி உதையோடு வாழும் பெண்ணுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். அவளுக்கு மேலே எழுதிய எண்ணைக் கொடுங்கள்.

நடத்தியவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாலை ஐந்து மணிக்கு முடித்ததால் மூதூர், கிண்ணியாப் பெண்கள் கடைசிப் பகுதிக்கு நிற்காமல் பஸ் பிடிக்க ஓடினார்கள். அடுத்த முறை காலை எட்டரைக்கே தொடங்கி மூன்று மணிக்கு முடியுங்கள். முடிந்தால் ஒன்றைக் கிண்ணியாவிலேயே வையுங்கள். பாலம் இருக்கிறது, உவர்மலைக்காரர்கள் நாங்கள் அங்கே வருகிறோம்.