ஆறா, தீவா, பனியா: முதல் சிறு கப்பல் பயணத்துக்கு எது?

சிறிய கப்பலில் போகலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் பார்ப்பது கேபின் படங்களைத்தான். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். பெரிய கப்பலில் இறங்காமலே பொழுதைக் கழித்துவிடலாம். சிறிய கப்பலில் அது நடக்காது; கப்பலை விட்டு இறங்கி என்ன செய்கிறோம் என்பதுதான் அங்கே பயணமே. ஆகவே முன்பதிவுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: எங்கே, எப்போது, எத்தனை பேர் இறங்கலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

முதல்முறை போகிறவர்கள் அதிகம் யோசிக்கும் மூன்று வழிகளை இந்தக் கேள்வியை வைத்தே அலசிப் பார்க்கலாம். ஐரோப்பாவின் ரைன், டான்யூப் ஆறுகள், ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகள், அண்டார்டிகா தீபகற்பம். மூன்றிலும் கப்பல் சிறியதுதான். மற்றபடி ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆற்றுக் கப்பல்: நீர்மட்டம் வைத்ததே சட்டம்

ரைனிலும் டான்யூபிலும் ஓடும் பயணக் கப்பல்கள் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காரணம் எளிது. வழியில் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் பலவும் 12 மீட்டர் அகலம்தான். அதனால் கப்பலின் அகலம் ஏறக்குறைய 11.4 மீட்டரில் நின்றுவிடுகிறது, நீளம் 135 மீட்டரைத் தாண்டுவதில்லை. பயணிகளும் பெரும்பாலும் 200-க்குள் அடங்கிவிடுவார்கள். எனவே 'எங்கள் கப்பல் விசாலமானது' என்று எந்த விளம்பரம் சொன்னாலும் அதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அதே தொட்டிதான்.

இதன் பெரிய வசதி, குமட்டல் பயமே இல்லை. கப்பல் ஊர் நடுவிலேயே போய் நிற்கும். இறங்கி நடந்தால் கடைத்தெரு. ஆனால் தண்ணீர் ஏறினாலும் வம்பு, இறங்கினாலும் வம்பு. 2018-லும் 2022-லும் வறட்சியில் ரைன் வற்றி, காவ்ப் என்ற ஊருக்கு அருகே உள்ள ஆழம் குறைந்த பகுதி பெரிய தலைவலியானது. டான்யூபில் அதே கதை ஜெர்மனியின் ஷ்ட்ராவ்பிங், ஃபில்ஸ்ஹோஃபன் ஊர்களுக்கு நடுவே நடக்கும். அங்கே அணை கட்டித் தேக்காமல் ஆறு தன் போக்கில் ஓடுகிறது. வெள்ளம் வந்தால் வேறு மாதிரிச் சிக்கல், பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது. சாதாரண நாளிலேயே தாழ்வான பாலம் வரும்போது மேல்தளத்தை மூடுவார்கள். குடைகள் மடங்கும், கைப்பிடிக் கம்பிகள் படுக்கும், மாலுமி நிற்கும் அறையே மெல்லக் கீழே இறங்கும். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். வெள்ளத்தில் அந்தச் சில அங்குல இடைவெளியும் போய்விட்டால் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அப்போது என்ன செய்வார்கள்? பேருந்தில் ஏற்றி, தடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலில் கொண்டுபோய் விடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கப்பல் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது சுலபம். ஒன்றிரண்டு கப்பல் மட்டும் வைத்திருப்பவர்கள் உங்களை விடுதியில் தங்கவைத்துப் பேருந்திலேயே ஊர் சுற்றிக் காட்டவும் கூடும். ஆற்றுப் பயணத்தில் மட்டும் நான் சின்ன நிறுவனத்தைவிடப் பெரிய நிறுவனத்தைத்தான் சொல்வேன். வழித்தடம் மாறினால் பணம் திரும்ப வராது என்ற வரி ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பால்கனிக்கு அதிகக் காசு கொடுப்பதற்கு முன்னால் இன்னொன்று. கூட்டமான துறைகளில் கப்பல்களை ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கட்டி நிறுத்துவார்கள். திரையை விலக்கினால் ஆறு தெரியாது, கையெட்டும் தூரத்தில் அடுத்த கப்பலில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். கரைக்குப் போகவும் அந்தக் கப்பலின் உள்ளே புகுந்துதான் போக வேண்டும், சில சமயம் மேல்தளம் வரை ஏறி இறங்கி. முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். மிகக் கீழ்த்தளத்து அறைகள் மலிவு, ஆனால் பல கப்பல்களில் மின்தூக்கி அதுவரை போகாது. ஜன்னலும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, திறக்க முடியாதபடி சின்னதாக இருக்கும்.

கலாபகோஸ்: எல்லாம் எழுதி வைத்தபடி

இங்கே உங்கள் நாளை முடிவு செய்வது தேசியப் பூங்கா. எந்தக் கப்பல், எந்த நாளில், எந்த இடத்தில் இறங்கலாம் என்பதை முன்கூட்டியே அவர்கள் வகுத்துவிடுகிறார்கள். ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. கரையில் 16 பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது கணக்கு. விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கடல் சிங்கத்துக்கு அந்த விதி தெரியாது என்பதால் அதுவே பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும், நாம்தான் நகர வேண்டும்.

ஒரே இடத்துக்கு ஒரு கப்பல் 14 நாட்களுக்குள் இரண்டாவது முறை போக முடியாது. இந்த விதியால்தான் கப்பல்கள் இரண்டு வாரச் சுற்றாக ஓடுகின்றன. அந்தச் சுற்றை 4 நாள், 5 நாள், 8 நாள் என்று துண்டு போட்டு விற்கிறார்கள். 8 நாள் என்று வாங்கியது உண்மையில் 4 நாளும் 5 நாளும் ஒட்டியதாக இருக்கலாம் (இரண்டும் சேரும் நாள் பொது என்பதால் மொத்தம் 8). அப்படியானால் நடுவில் ஒருநாள் கப்பல் பால்ட்ரா விமான நிலையப் பக்கம் திரும்பி வரும், பாதிப் பேர் இறங்குவார்கள், புதியவர்கள் ஏறுவார்கள், அரை நாள் போய்விடும். முதல் நாளும் கடைசி நாளும் விமானத்திலேயே பாதி கழியும் என்பதையும் சேர்த்தால், 4 நாள் பயணத்தில் முழுசாகக் கிடைப்பது இரண்டே நாள். என்னைக் கேட்டால், அவ்வளவு தூரம் போய் 4 நாளில் திரும்புவதைவிட சாண்டா குரூஸ் தீவில் அறை எடுத்துத் தங்கி, பகல் படகுகளில் போய் வருவது மேல்.

கப்பலில் போவதற்கு நியாயமான காரணம் தொலைவில் உள்ள தீவுகள்தான். வடக்கே ஹெனோவேசா, மேற்கே ஃபெர்னாண்டினா, இசபெலாவின் மேற்குக் கரை. இவற்றை ஒழுங்காகப் பார்க்க இரவில் கடலில் பயணித்தாக வேண்டும். வழித்தடத்தில் இவை ஒன்றுமே இல்லையென்றால் கப்பலின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளி வையுங்கள். எஸ்பான்யோலா தீவின் அல்பட்ராஸ் பறவைதான் வேண்டும் என்றால் ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் நடுவில் போக வேண்டும். மற்ற மாதங்களில் அது கடலுக்குப் போய்விடும். ஜனவரி முதல் மே வரை தண்ணீர் வெதுவெதுப்பு, அலை குறைவு. ஜூனுக்குப் பிறகு ஹம்போல்ட் நீரோட்டத்தால் கடல் குளிர்ந்து கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனால் மீனும் பறவையும் சுறுசுறுப்பாக இருக்கும் காலம் அதுவே.

16 பேர் படகா, 100 பேர் கப்பலா? 16 பேர் படகில் கரையிறங்குவது சட்டென்று முடியும், காத்திருப்பு இல்லை. ஆனால் வழிகாட்டி ஒருவர்தான். அவர் சுவாரசியமில்லாதவராக அமைந்தால் வாரம் முழுக்க அவரே. பெரியதில் பல வழிகாட்டிகள் இருப்பார்கள், மாற்றிக்கொள்ளலாம், ஆட்டமும் குறைவு, மருத்துவர் இருக்கவும் வாய்ப்பு அதிகம். சின்னப் படகில் ஏறுவதென்றால் இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகையாகப் பாருங்கள், அகலமாக இருப்பதால் பக்கவாட்டு ஆட்டம் குறையும். அறை நடுப்பகுதியில் கிடைத்தால் நல்லது. பின்பக்கம் எஞ்சின் சத்தம். முன்பக்கம் விடியற்காலையில் நங்கூரச் சங்கிலி தலைமாட்டிலேயே கடகடவென்று இறங்கும். அதற்கப்புறம் தூக்கம் ஏது?

அண்டார்டிகா: நாளைக்கு என்ன என்பது நாளைக்குத்தான் தெரியும்

இங்கே வழித்தடம் என்று தாளில் அச்சடிப்பது வெறும் உத்தேசம். காற்றையும் பனியையும் பார்த்து, குழுத் தலைவர் முதல் நாள் இரவில் அறிவிப்பார். காலையில் மாற்றியும் விடுவார். இதைச் சகித்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இந்தப் பயணம் சரிப்படாது.

எண்ணிக்கை விதிகள் மட்டும் கறாரானவை. ஒரு இடத்தில் ஒரே சமயத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 500-க்கு மேல் பயணிகளை ஏற்றிவரும் கப்பல் யாரையுமே இறக்கக் கூடாது. பனிமலையை மேல்தளத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இந்த இரண்டு எண்களை வைத்தே கப்பலைத் தேர்ந்தெடுத்துவிடலாம். 100 பேர் போகும் கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். 190 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், மீதிப் பேர் ரப்பர் படகில் சுற்றிவருவார்கள், அப்புறம் இடம் மாறுவார்கள், இதுவும் மோசமில்லை. 400 பேர் என்றால் முறை வைத்துக் காத்திருப்பதிலேயே பொழுது போகும். தவிர, சில இடங்கள் 200 பேருக்கு மேற்பட்ட கப்பல்களுக்குத் திறப்பதே இல்லை. சிறு கப்பல் என்ற பெயர் மூன்றுக்கும் சூட்டப்படும், அனுபவம் மூன்றும் மூன்று.

அடுத்தது டிரேக் நீரிணை, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள கொந்தளிப்பான கடல். அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து கடக்க ஏறக்குறைய இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். 10 நாள் பயணத்தில் நாலு நாள் அங்கேயே கழியும், அதுவும் சிலருக்குப் படுக்கையில். சிலியின் புந்தா அரீனாஸிலிருந்து அண்டார்டிகாவை ஒட்டியுள்ள கிங் ஜார்ஜ் தீவுக்குப் பறந்துபோய்க் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது சரளைக்கல் ஓடுபாதை. மூடுபனி வந்தால் விமானம் இறங்காது, காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பனியில் இருக்க வேண்டிய நாளிலிருந்து கழியும். பைக்கு எடைக் கட்டுப்பாடும் உண்டு. விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கு விமானம் என்பார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: முன்னும் பின்னும் ஓரிரு நாள் ஒதுக்க முடிகிறவர்கள்தான் விமானத்தை நம்பலாம். வயிறு பலவீனம் என்றால் மட்டும் விதிவிலக்கு. கடல்வழியே போகிறவர்கள் கீழ்த்தளத்தில் நடு அறையை எடுங்கள். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கி, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை.

முதல் கரையிறக்கத்துக்கு முன்னால் ஒரு சோதனை நடக்கும். மேல்சட்டைப் பைகள், கையுறை, முதுகுப்பை, கால்சட்டை ஓரம் எல்லாவற்றையும் தூசி உறிஞ்சும் கருவியை வைத்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) இருக்கிற இடமெல்லாம் புல் விதை ஒட்டியிருக்கும், ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் காரணமாகக் கரையில் உட்காரவும் மண்டியிடவும் பையைத் தரையில் வைக்கவும் தடை. புகைப்படத்துக்காகப் படுத்து எடுக்கும் திட்டம் இருந்தால் மறந்துவிடுங்கள். ரப்பர் படகில் ஏறும்போது கையைக் கையால் பிடிக்கக் கூடாது. ஊழியரின் முன்கையை நீங்கள் பிடிக்க, அவர் உங்கள் முன்கையைப் பிடிப்பார். அதற்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கேமரா பைக்குள். பூட்ஸ் இரவலாகத் தருவார்களா, மேலங்கி தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொண்டால் பெட்டியில் பாதி எடை மிச்சம்.

யாருக்கு எது?

ஊர், கட்டடம், நடை, இரவில் நிம்மதியான தூக்கம் வேண்டும் என்றால் ஆறுதான். ஆனால் கோடையின் கடைசியைத் தவிர்த்து மாதம் பாருங்கள். நாள், இடம் எல்லாம் திட்டமிட்டபடி நடக்க வேண்டும், நீந்தவும் பிடிக்கும் என்றால் கலாபகோஸ். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் மூன்றில் இதுவே தோது, ஏனென்றால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். அண்டார்டிகாவை முதல் கப்பல் பயணமாக யாருக்கும் சட்டென்று பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டத்தை உடம்பு எப்படித் தாங்குகிறது என்று வேறு கடலில் தெரிந்துகொண்டு போகலாம். வட துருவப் பக்கம் உள்ள நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் அதற்கு ஒரு நல்ல ஒத்திகை. ஆனால் அங்கேயும் 2025 தொடக்கத்திலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பலுக்கு அனுமதி இல்லை, துருவக் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகி இருக்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். பழைய விளம்பரத்தாளில் கரடியை அருகில் காட்டும் படம் இருந்தால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தனியாகப் போகிறவர்கள் இன்னொருவரோடு அறையைப் பகிரும் வசதி உண்டா என்று கேட்கலாம். இல்லையென்றால் இரண்டு பேர் கட்டணத்தை நெருங்கும் தொகை வரும். மருத்துவக் காரணத்துக்காக வெளியேற்றும் செலவு காப்பீட்டில் அடங்கியிருக்கிறதா என்பது ஆற்றில் அவ்வளவு முக்கியமில்லை, பனியில் அதுதான் முதல் ஆவணம்.

புறப்படும் துறைமுகத்துக்கு எப்போது போய்ச் சேருவது என்பதிலும் மூன்றும் வேறு வேறு. ஆற்றுக் கப்பலைத் தவறவிட்டால் ரயில் பிடித்து அடுத்த ஊரில் ஏறிக்கொள்ளலாம், தொலைந்த பெட்டியும் இரண்டு நாளில் பின்னாலேயே வந்து சேரும். கலாபகோஸுக்கு விமானம் ஏறும் ஈக்வடார் நகரங்களான கிட்டோவிலோ குவாயாகிலிலோ முந்தின இரவே தங்கிவிடுங்கள். உஷுவாயாவுக்கு இரண்டு நாள் முன்பே போய்விடுவது நல்லது. கப்பல் கிளம்பிவிட்டால் உங்களையும் பெட்டியையும் பின்னால் கொண்டுவந்து சேர்க்க அங்கே வழி கிடையாது.