சிஎன்எஸ் 100% காட்டினால் எவ்வளவு ஆபத்து? ஆக்சிஜன் வலிப்பைக் கணிக்கும் மூன்று வழிகள்

அழுத்தத்தில் சுவாசிக்கும் ஆக்சிஜன் மைய நரம்பு மண்டலத்துக்கு (சிஎன்எஸ்) நச்சாகி வலிப்பைத் தரலாம். பெரும்பாலான டைவ் கம்ப்யூட்டர்கள் காட்டும் சிஎன்எஸ் சதவீதம் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் அட்டவணையிலிருந்து வருகிறது. சுவாசிக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 1.6 அட்மாஸ்பியர் என்றால் ஒரு டைவுக்கு வரம்பு 45 நிமிடம், 1.5 என்றால் 120, 1.4 என்றால் 150. வரம்பில் எத்தனை பங்கு கழிந்தது என்று கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். 1.4-இல் 30 நிமிடம் 20%, அடுத்து 1.6-இல் 9 நிமிடம் இன்னொரு 20%. மனக்கணக்கிலேயே முடிந்துவிடும்.

இஸ்ரேலின் ஏரியேலி குழு 2002-இல் தந்த சமன்பாடு வேறு மாதிரி. நேரத்தின் வர்க்கத்தை, ஆக்சிஜன் அழுத்தத்தின் 6.8 அடுக்கால் பெருக்கினால் நச்சுக் குறியீடு. நேரம் இரண்டு மடங்கானால் குறியீடு நான்கு மடங்கு. ஆய்வுக்கூடச் சோதனைகள் 661, நிஜ ஆக்சிஜன் டைவ்கள் 2,039 சேர்த்துப் பொருத்தியது இது.

இரண்டையும் மோதவிட்டால் அட்டவணையின் ஓட்டை தெரியும். 1.6-இல் 45 நிமிடமும் 100%, 1.4-இல் 150 நிமிடமும் 100%. அதே ஏரியேலி கணக்கில் நச்சின் அறிகுறி (உதடு துடிப்பு, வலிப்பு போன்றவை) தோன்றும் வாய்ப்பு முதலதற்குச் சுமார் 2%, இரண்டாவதற்குச் சுமார் 4%. ‘பாதுகாப்பான’ 1.4-இல் நீண்ட நேரம் கிடக்கும் ரீப்ரீதர்காரர்கள்தான் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து மீண்டும் சுவாசிக்கும் கருவி அணிபவர்கள்) இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக்சிஜனை நிறுத்தியபின் நச்சு இறங்கும் மீட்சியில் இரண்டு கணக்குக்கும் இடைவெளி இன்னும் பெரிது. அட்டவணைக்காரர்கள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் கழிப்பார்கள்; ஏரியேலிக்கு 9 நிமிடமே போதும். 20 நிமிட ஆக்சிஜனுக்கு 5 நிமிடக் காற்று என்ற சேம்பர் (அழுத்தச் சிகிச்சை அறை) வழக்கத்துக்கு இந்த வேகம்தான் ஒத்துவரும்: 5 நிமிடத்தில் மூன்றிலொரு பங்கு இறங்குகிறது, 90 நிமிடக் கணக்கில் வெறும் 4%. ஆனால் இந்த வேகம் எலியில் அளந்து உடல் எடைக்கேற்ப மாற்றியது. அதை நம்பி டைவ் இடைவெளியைக் குறைப்பது வீண் துணிச்சல். சமன்பாடு நீரில் உழைப்பவருக்கானது. சேம்பரில் படுத்திருக்கும் நோயாளிக்கு அதன் சதவீதம் பொருந்தாது.

இரண்டுமே கூட்டத்தைக் கணிப்பவை, ஆளை அல்ல. 1940-களில் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் டொனால்ட் ஒரே டைவரை 70 அடி ஆழத்தில் 20 முறை சோதித்தார். அறிகுறி ஒருநாள் 7 நிமிடத்தில், இன்னொரு நாள் 148 நிமிடத்தில். கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடி, ஆக்சிஜனும் கூடுதலாகப் போய்ச் சேரும். இரண்டு கணக்கிலும் அதற்கு இடமில்லை.

ஆளையே பார்ப்பது மூன்றாவது வழி: தோலின் மின்கடத்துதிறன். வியர்வைச் சுரப்பிகளின் நரம்புத் தூண்டல் அறிகுறிக்கு முன்பே எகிறுவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பயம், உழைப்பு எதற்கும் அது எகிறும் என்பதே சிக்கல். ஆகவே வரம்புக்கு அட்டவணை, இரு திட்டங்களில் ஒன்றைத் தேர சமன்பாடு, சென்சார் இப்போதைக்கு ஆய்வுக்கு. சேம்பரில் உதடு துடித்தால் உடனே மாஸ்க்கைக் கழற்றுங்கள். வலிப்பு ஓடும்போது சேம்பரின் அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். மூச்சு அடைபட்ட நுரையீரல் கிழியும்.