பீட்ரூட்டா பெர்ரியா, சங்குப்பூவா முட்டைக்கோஸா: குழந்தைகளின் தட்டில் எந்த நிறம் நிலைக்கும்?

ஓவனுக்குள் போகும்போது பீட்ரூட் விழுது சேர்த்த கேக் மாவு நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது. ஆறவைத்து வெட்டும்போது என் மகள் மேசையில் முகவாயை வைத்துக் கத்தி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓரமாக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. மற்றதெல்லாம் மங்கிய பழுப்பு. "அம்மா, பிங்க் எங்க போச்சு?" என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் ஒவ்வொரு நிறத்துக்கும் காய், பழம், பூ என்று இரண்டு மூன்று போட்டியாளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்க்கத் தொடங்கினேன். காய் வேகாமல் இருக்கும்போது எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். அது போய்ச் சேரும் உணவில் சூடு எவ்வளவு, எலுமிச்சை இருக்கிறதா, சமையல் சோடா இருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

சிவப்பில் முதல் போட்டி பீட்ரூட்டுக்கும் பெர்ரிப் பழங்களுக்கும். பீட்ரூட்டின் நிறத்தைத் தருவது பீட்டலைன் என்ற நிறமி. சூடு அதற்கு ஆகாது, நீண்ட நேர வெளிச்சமும் ஆகாது. கொஞ்சம் புளிப்பு கிடைத்தால் தாக்குப்பிடிக்கும்; சோடா பட்டால் மஞ்சள் பழுப்பாகிவிடும். என் கேக் செத்தது இங்கேதான்: அரை மணி நேரச் சூடு, கூடவே தாராளமாக ஒரு கரண்டி சோடா. அதே பீட்ரூட் விழுதை எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து, கல்லில் மெல்லிசாக ஊற்றி இரண்டு நிமிடத்தில் எடுத்தால் சிவப்பு நிற்கிறது. தயிரில் கலந்தால் இன்னும் அழகு. சூடே இல்லை, புளிப்பும் தயாராக இருக்கிறது. மண்வாசனைதான் குறை. தோல் சீவி, நன்றாக வேகவைத்து அரைத்தால் அது பெருமளவு அடங்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சில குழந்தைகளுக்குச் சிறுநீரும் மலமும் சிவந்து போகும். அது பீட்ரூட்டின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரியின் சிவப்பு வேறு குடும்பம். ஆந்தோசயனின் என்று பெயர். புளிப்பில் சிவக்கும், சோடா பட்டால் நீலமும் சாம்பலுமாக மாறும். புளூபெர்ரி போட்ட கேக்கில் பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வருவது இதனால்தான், பழம் கெட்டுப்போகவில்லை. சோடாவைக் குறைத்து பேக்கிங் பவுடர் போட்டால் வளையம் குறையும், ஏனென்றால் அதில் சோடாவைச் சமன் செய்யும் அமிலம் கூடவே இருக்கிறது. கிரீமுக்கு என்றால் கேள்வியே வேண்டாம், பெர்ரிதான். ஆனால் சாறாக ஊற்றாதீர்கள், கிரீம் தளர்ந்து ஓடிவிடும். உறைநிலையில் உலர்த்திய பழத்தைப் பொடித்து, சல்லடையில் சலித்துச் சேர்க்க வேண்டும். நிறத்தோடு பழத்தின் ருசியும் வரும், பீட்ரூட்டால் அது முடியாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, கடையில் விற்கும் செயற்கை நிறப் பாட்டிலில் இரண்டு சொட்டு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 3 வயதுக் குழந்தைகளையும் 8, 9 வயதுக் குழந்தைகளையும் வைத்து நடந்த சவுத்ஹாம்ப்டன் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. சில செயற்கை நிறங்களும், உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த பானம் குடித்த குழந்தைகளிடம் துறுதுறுப்பு கூடியதை அது காட்டியது. அதன் பிறகு, 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் ரெட் 3 என்ற செயற்கைச் சிவப்பு நிறத்துக்கான அனுமதியை விலக்கிக்கொண்டது. ஆண் எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது புற்றுநோய் வந்தது காரணம். அதே விதத்தில் மனிதர்களுக்கு வருவதாகத் தெரியவில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். ஒரு சொட்டு பட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் மிரட்ட மாட்டேன். ஆனால் வெறும் அழகுக்காகச் சேர்ப்பதில் சந்தேகம் எதற்கு என்பதுதான் என் கட்சி.

மஞ்சளில் போட்டி சீக்கிரம் முடிந்துவிடும். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகையே போதும். அதற்கு மேல் போனால் ருசி காட்டிக்கொடுக்கும், சோடாவோடு சேர்ந்தால் செம்மண் நிறமாகும். கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டின் சூட்டுக்கு அசையாது, எண்ணெயில் கரையும். துருவிய கேரட்டை ஒரு கரண்டி வெண்ணெயில் வதக்கி அரைத்தால் வரும் ஆரஞ்சு, ஓவனிலும் அப்படியே இருக்கும். சுடும் உணவுக்கு என் ஓட்டு கேரட்டுக்குத்தான். மஞ்சள் தூளில் ஒரு விஷயம் மட்டும் கவனம்: பளபளப்புக்காக ஈயக் குரோமேட் கலக்கும் கலப்படம் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தேடிப் போகாதீர்கள்.

பச்சைக்குப் பசலைக்கீரை. கொதிநீரில் அரை நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், பிறகு அரைப்பது. புளிப்பு சேர்ந்தால் பச்சையத்தில் உள்ள மெக்னீசியம் வெளியேறி நிறம் பாசிபோல் மங்கும். எனவே பீட்ரூட்டுக்கு நண்பனான எலுமிச்சை கீரைக்கு எதிரி. மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள் இதைவிட அழகான பச்சை தரும், ஆனால் அதில் காஃபீன் இருக்கிறது. குழந்தைக்கு வேண்டாம்.

நீலம்தான் உண்மையான சண்டை, ஏனென்றால் நீலக் காய் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஊதா முட்டைக்கோஸை மெல்லிசாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் ஊதாச் சாறு. அதில் கத்தி நுனியளவு சோடா விழுந்ததும் நீலமாகும். ஒரு சிட்டிகை கூடினால் பச்சையாகி, சோப்பு ருசியும் வரும். கை நிதானம் வேண்டும். கோஸ் வாடையும் கொஞ்சம் இருக்கும். சங்குப்பூவுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. உலர்ந்த பூவைச் சுடுநீரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் ஆழ்ந்த நீலம், ருசியும் ஏறக்குறைய இல்லை. எஃப்.டி.ஏ. 2021-இல் இதன் சாற்றை உணவு நிறமாக ஏற்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022-இல் உலர்ந்த பூவின் பாதுகாப்பு பற்றி ஆட்சேபம் எழுப்பியது. அதனால் நான் பானைக்கு ஐந்தாறு பூவோடு நிறுத்திக்கொள்கிறேன், கைக்குழந்தைக்குக் கொடுப்பதில்லை. ஸ்பைருலினா என்ற பாசியிலிருந்து எடுக்கும் நீலப் பொடி ஐஸ்கிரீமுக்கும் குளிர்ந்த தயிருக்கும் மட்டும்; 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் நிறம் வேகமாகப் போய்விடும்.

எந்த நீலமானாலும் மஞ்சள் கரு சேர்ந்த மாவில் பச்சையாகத்தான் தெரியும். நீல கேக் வேண்டுமானால் முட்டையின் வெள்ளைக்கரு மட்டும்.

ஆனால் விளையாட்டு என்று பார்த்தால் சங்குப்பூவுக்கு நிகரே இல்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் ஆறிய நீல நீரை ஊற்றி, எலுமிச்சைத் துண்டைக் குழந்தை கையிலேயே கொடுங்கள். முதல் சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஊதா புகைபோல் இறங்கும், அடுத்த பிழிவில் தம்ளர் முழுக்க பிங்க். காய்கறியையே தொடாத பிள்ளைகூட அதைக் குடித்துப் பார்க்கும்.

என் மகள் கேட்ட பிங்க் கேக்குக்கு வருகிறேன். வென்றது பீட்ரூட்டும் இல்லை, பெர்ரியும் இல்லை. ஊதா சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதிலும் ஆந்தோசயனின்தான், ஆனால் சூட்டைப் பெர்ரியைவிட நன்றாகத் தாங்கும் வகை. வேகவைத்து மசித்து, சோடாவை விலக்கி, எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சுட்டேன். வெட்டியபோது உள்ளே இளஞ்சிவப்பு கலந்த ஊதா. மேலே ராஸ்பெர்ரிப் பொடி போட்ட கிரீம். இந்தத் தடவையும் அவள் முகவாயை மேசையில் வைத்துத்தான் பார்த்தாள். முதல் துண்டை எடுத்து, உள்பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினாள்.