பிள்ளைகளுக்கு எந்தத் தண்ணீர்: கிணறா, ஆர்.ஓ. கானா, மழைத்தொட்டியா?

வவுனியாப் பக்கம் புளோரைட் என்ற உப்பு கூடிய கிணறுகள் உண்டு. ஊரில் தண்ணீர்ப் பேச்சு எடுத்தால் அது பெரியவர்களின் சிறுநீரக நோயில்தான் போய் நிற்கும். பிள்ளைகளின் பல்லைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நிரந்தரப் பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். புளோரைட் கறை விழுவதும் அந்த வயதுக்குள்தான். விழுந்த கறை தேய்த்துப் போகாது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பதின்ம வயதுப் பிள்ளையைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

கிணற்றுக்குக் காசில்லை, எந்நேரமும் கைக்கெட்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு இன்னும் கூடும். பசளை போடும் வயலை ஒட்டிய கிணற்றில் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் அப்படித்தான், கொதிக்கவைத்தும் போகாது. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது. புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரம் 1.0. வன்னி வெயிலில் பிள்ளைகள் குடிக்கும் அளவுக்கு 1.0 தான் சரி.

ஆர்.ஓ. என்பது நுண்சவ்வால் வடிகட்டிக் கானில் விற்கும் தண்ணீர். அந்த வடிகட்டல் புளோரைட்டை நன்றாக நீக்கும். என் தயக்கம் கானில் இருக்கிறது. அதில் கிருமியைத் தடுக்கக் குளோரின் மிச்சம் இராது. கழுவாத கானில் பிடித்தால், மூடாமல் வைத்தால் கிருமி திரும்பச் சேரும். தவிர, மாதம் முழுக்க வாங்கக் கூலி வீட்டுக்குக் கட்டாது.

நான் மழைத்தொட்டியின் பக்கம். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர். மாரியில் ஒரு தொட்டி நிறையும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால் 200 நாள் வரும். தை முடிவில் நிறைந்த தொட்டி ஆவணி வரை தாங்கும். சப்பென்றிருக்கும் என்று முகம் சுளிப்பார்கள், பிள்ளைகள் பழகிவிடுவார்கள். ஆனால் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். கூரையிலுள்ள பறவை எச்சமும் தூசும் அதில்தான் வரும். பீலியைத் துப்புரவாக்கி, தொட்டி வாயை நுளம்பு புகாத வலையால் கட்டுங்கள், இல்லையேல் டெங்குக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும். குடிக்க முன் கொதிக்கவையுங்கள்.

எதைத் தெரிவதானாலும் முதலில் கிணற்று நீரை நீர் வழங்கல் சபை ஆய்வுகூடத்தில் சோதியுங்கள். புளோரைட் கூடுதலென்று வந்து, தொட்டி கட்டவும் வசதியில்லையா? வாங்கும் ஆர்.ஓ. கானை எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் ஒதுக்குங்கள். குளிக்க, துவைக்கக் கிணறு போதும்.