ஏற்காட்டில் ரூம் பிடிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

நான் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவன். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள், நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி அளப்பேன். அப்படிப்பட்ட நான் 8,500 ரூபாயைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து அக்கா குடும்பம் வந்தது. மே மாதம், கோடை விழா நேரம், மேலே ரூம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. "மாப்ள, நீ உள்ளூர்க்காரன், நல்லதா ஒரு காட்டேஜ் பிடி" என்றார் மாமா. தங்கும் இடம் பிடித்துத் தருகிற ஒரு ஆப்பில் தேடினேன். பகோடா பாயிண்ட் போகிற ரோட்டில் எஸ்டேட்டுக்குள் ஒரு காட்டேஜ், ஒரு ராத்திரிக்கு 5,500. அதிலிருந்த நம்பருக்குப் பேசினால் ஒருவர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். "சேலத்துல எங்கங்க? அஸ்தம்பட்டியா! நம்ம பொண்ணு அங்கதாங்க படிக்குது." அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். ஆப்புக்குக் கமிஷன் போகிறதாம், நேராக அவர் நம்பருக்கே போட்டால் 4,250-க்குத் தருவாராம், நம்ம ஊர்க்காரர் என்பதால். இரண்டு ராத்திரிக்கு 8,500. அந்த நிமிடமே அனுப்பினேன். "இன்னிக்குக் காலைல எடுத்ததுங்க" என்று போட்டோக்களும் வந்தன, வாசலில் காபிச் செடி, கொத்துக் கொத்தாகச் சிவந்த பழம். மே மாதத்தில் ஏற்காட்டில் எந்தச் செடியில் காபி பழுத்துக் கிடக்கிறது? பழம் பறிப்பதெல்லாம் கார்த்திகை, மார்கழியில். உள்ளூர்க்காரனுக்கு அது உறைக்கவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்து, ஒரு வழியாகப் போய் நின்றால் பூட்டிய எஸ்டேட் கேட். வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "காட்டேஜா? இந்த வாரத்துல நீங்க மூணாவது குடும்பம் சாமி. இங்க அப்படி எதுவும் இல்லீங்க." அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். ஏரியைச் சுற்றி எங்கே கேட்டாலும் ரூம் இல்லை. பனிமூட்டத்தில் திரும்ப மலை இறங்கி, எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்துத்தான் எல்லோரும் படுத்தோம். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா சிரித்தார், அதுதான் தாங்கவில்லை.

ஆப்பின் கஸ்டமர் கேருக்கு அன்று ராத்திரியே போன் போட்டேன். நாற்பது நிமிடம் பாட்டு, அப்புறம் ஒரு பெண், "சார், பேமெண்ட் எங்க வழியா வரலையே." சரி, அந்த விளம்பரம் யார் வழியாக வந்தது? புகார் எண் கொடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்கிறார்கள். இன்று காலை ஆப்பிலிருந்து மெசேஜ்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." என் 8,500 எங்கே தீர்ந்தது?

தட்டுவடை செட், ராத்திரிக் கடைகள், நல்ல லாட்ஜ் என்று வருகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு இல்லை. இதை மட்டும் கேளுங்கள். ஆப்பில் பிடித்தால் பணமும் ஆப்பிலேயே கட்டுங்கள், தனி நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். மேலே ஏரிப் பக்கமே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் சேலத்தில் தங்கிக் காலையில் ஏறுங்கள், முப்பது கிலோமீட்டர்தான். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள், நான் ஆப்காரனை நம்பி ஒரு நாளை வீணாக்கிவிட்டு நேற்றுத்தான் செய்தேன்.

இதை எழுதும்போது ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே போட்டோ, அதே சிவந்த பழம், காட்டேஜுக்குப் பெயர் மட்டும் வேறு. விலை 4,900.