12 வோல்ட் ஹாலஜனை எல்இடிக்கு மாற்றிய பிறகு: சில ஆண்டு அனுபவம்

ஃபால்ஸ் சீலிங்கில் பதித்திருந்த 12 வோல்ட் ஹாலஜன் ஸ்பாட் லைட்டுகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. மாற்றியது நல்லதுதானா என்றால், நல்லதுதான். ஆனால் "பழையதைக் கழற்றி இதை மாட்டினால் போதும்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். இந்த வேலையில் முக்கால்வாசி, மெயின் மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும், சீலிங்குக்கு மேலே கண்ணில் படாமல் கிடக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பொறுத்தது.

ஹாலஜனுக்கென்று வந்த எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரின் லேபிளில் 20–60 வாட், 35–105 வாட் என்று இரண்டு எண்கள் இருக்கும். எல்லோரும் பெரிய எண்ணைத்தான் பார்ப்பார்கள். எல்இடிக்கு முக்கியம் சின்ன எண். அதற்கும் குறைவான சுமை இருந்தால் அந்தச் சர்க்யூட் நிலையாக ஓடாது. 50 வாட் பல்பு இருந்த இடத்தில் 6 வாட் எல்இடியை மாட்டினால் விளக்கு துடிக்கும், தாமதமாக எரியும், சில சமயம் எரியவே எரியாது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு விளக்குகள் இருந்த இடத்தில் இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்று ஹாலஜன், ஒன்று எல்இடி என்று விட்டால் இரண்டும் ஒழுங்காக எரிந்தன. இரண்டையும் எல்இடி ஆக்கியதும் துடிப்பு தொடங்கியது. ஒரு ஹாலஜனை அப்படியே விட்டுவைக்கும் இந்தக் குறுக்குவழியைச் சிலர் நிரந்தரமாகவே வைத்திருக்கிறார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மாற்றிவிட்டு 50 வாட்டை எரிய விடுவதில் என்ன பயன்?

கனமான, லேசாக ரீங்காரமிடும் பழைய இரும்புச் சுருள் டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மற்ற இடங்களில் பழையதைக் கழற்றிவிட்டு எல்இடிக்கென்றே 12 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி) தரும் எல்இடி டிரைவர் போட்டேன். அதன் முழுத் திறனுக்கும் விளக்கு மாட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது. டிரைவர் வைக்க வசதியில்லாத ஓர் அறையில் மட்டும் டிரான்ஸ்ஃபார்மரையே நீக்கி, மெயின் மின்சாரத்தில் நேரடியாக எரியும் ஜியூ 10 ஹோல்டருக்கு மாறினோம். அது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. இரண்டு ஊசி போன்ற கால்களுள்ள ஜியூ 5.3 விளக்கு 12 வோல்ட்டுக்கானது. அதில் மெயின் மின்சாரம் பாய்ந்தால் கதை முடிந்தது.

ஹோல்டர்களையும் மாற்றிவிடுங்கள். 50 வாட் ஹாலஜன் 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல ஆண்டுச் சூட்டில் ஹோல்டரின் உள்ளே கருகி, பிடிப்பு தளர்ந்திருக்கும். எல்இடி அரை ஆம்பியர்தான் எடுக்கும் என்றாலும், தளர்ந்த இடத்தில் அதுவும் கண் சிமிட்டும். பழி டிரைவர் மேல் விழும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் குறையில்லை. வாட், லூமென் (வெளிச்ச அளவு) பார்ப்பவர்கள், நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைக் காட்டும் சிஆர்ஐ எண்ணையும் பார்க்க வேண்டும். ஹாலஜனுக்கு அது கிட்டத்தட்ட 100. 80 உள்ள எல்இடியைக் கண்ணாடிக்கு மேலே போட்டபோது முகம் சோர்ந்து தெரிந்தது, சிவப்புத் துணி மங்கியது. 90க்கு மேல் உள்ளதை வாங்கியதும் அந்தக் குறை போனது. ஒளி விரியும் கோணமும் கவனிக்க வேண்டியதுதான்: 36 டிகிரி மேசைக்கும் சுவர்ப் படத்துக்கும் அழகு, அறை முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் 60.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்தான் எனக்கு இன்னும் மனக்குறை. பழைய டிம்மரில் எல்இடி முனகியது. எல்இடிக்கு ஏற்ற டிரெய்லிங் எட்ஜ் வகை டிம்மரும் அதற்கு ஒத்துப்போகும் டிரைவரும் போட்டபின் சத்தம் போனது. ஆனால் ஹாலஜனைக் குறைக்கக் குறைக்க வெளிச்சம் பொன்னிறமாகும். சாதாரண எல்இடி அதே நிறத்தில் மங்கும், அவ்வளவுதான்.

ஆயுள் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். தினம் 4 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் 17 ஆண்டுகள்! அதற்கு வெகு முன்பே சில போய்விட்டன. அவை எல்லாமே மேலே மூடியிருந்த, காற்றோட்டமில்லாத குழிகளில் இருந்தவை. எல்இடி கீழே தள்ளும் ஒளியில் சூடு இல்லை, உண்மை. சூடு முழுக்கப் பின்பக்கம் தேங்குகிறது. பெரும்பாலும் எல்இடி சில்லுக்கு முன்பே, உள்ளேயிருக்கும் கெபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் சிறு பாகம்) அந்தச் சூட்டில் காய்ந்து போகிறது. போட்டுச் சில நிமிடம் ஒழுங்காக எரிந்து, பிறகு அணைந்து, ஆறியதும் மறுபடி எரிந்தால் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். குழிக்கு மேலே இடைவெளி விட்டபின் அங்கே எதுவும் போகவில்லை.

கூடத்தில் ஆறு விளக்குகள். முன்பு 300 வாட், இப்போது 36 வாட்டும் டிரைவரின் சிறு இழப்பும். 4 மணி நேரத்துக்கு 1.2 யூனிட் போனது, இப்போது 0.15 அளவில் நிற்கிறது. தலைக்கு மேலே ஹீட்டர் எரிவது போன்ற அந்தப் புழுக்கமும் போயிற்று.

அப்புறம், ஒரே அறைக்கு வாங்கும்போது உபரியாக இரண்டு சேர்த்து வாங்கி வையுங்கள். பின்னாளில் அதே நிறுவனத்தின் அதே 2700 கெல்வின் விளக்கை வாங்கினாலும் நிறம் லேசாக மாறி, ஆறில் ஒன்று மட்டும் தனித்துத் தெரியும். பில்லைப் படம் எடுத்து வைப்பதும் அவசியம். வாரண்டி கேட்கப் போனபோது என் பில்லில் எழுத்தே அழிந்திருந்தது.